மூன்றாம் பலகை

கொக்குவில் சந்திக்கு மேற்கே என் தகரக் கொட்டில்.
கரண்ட் இல்லாத காலை.
மின்கட்டணத் தாளின் பின்பக்கம்
எட்டுக்கு நாலாய் இரண்டு பெட்டி கீறினேன்.

எமில்டா கேட்டது தையற்கடைக்கு வெட்டுமேசை ஒன்று,
நூல் அடுக்கச் சுவரோடு ஒரு றாக்கை.
இரண்டு பலகைக்குத்தான் காசு கொண்டுவந்திருந்தா,
உறையில் போட்டு, உறையின் மேல் தொகை எழுதி.

மேசை முகம் ஆறுக்கு மூன்று. அது முதலில்.
பெரியது படுத்த பிறகுதான்
சின்னதுக்கு இடம் தெரியும்.
பக்கப்பலகை இரண்டு, மூன்றுக்கு இரண்டு,
ரேகை நிமிர்ந்து நிற்கவேண்டும்.
முதுகு ஐந்துக்கு இரண்டு,
கீழ்த்தட்டு இரண்டு, ஐந்துக்கு ஒன்று.
இரண்டாம் பெட்டி நிறைந்துபோயிற்று.

முதற்பெட்டியில் ஓரமாய் ஆறடிக் கீற்று:
மூன்றாய் அரிந்தால் றாக்கைக்குத் தட்டு மூன்று.
முனையில் மிச்சம் இரண்டுக்கு நாலு.
றாக்கையின் முதுகும் அதே அளவு,
ஆனால் ரேகை அதில் படுத்துக் கிடந்தது.

"மூன்றாவது பலகையும் எடுக்கவேணும்" என்றேன்,
எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில்.

அவ தாளைத் தன் பக்கம் திருப்பினா.
பையில் கிடந்த நீலச் சோக்கால்
அந்த மிச்சத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

"உது படுத்தபடியே கிடக்கட்டும் அண்ணை.
சுவரைப் பாத்து நிக்கப்போற முதுகு.
முன்னுக்கு நூற்றிருபது நூல்கட்டை.
ஆர் பாக்கப்போறது ரேகையை?
சட்டையின்ர முன்துண்டுக்கு நேர்நூல் பாப்பம்,
பொக்கற்றுக்கு உள்ள போறதுக்குப் பாக்கிறேல்லை.
ரெண்டேகால் யாரில நான்
புதுநன்மைச் சட்டை வெட்டுறனான்,
ஒரு கையைத் தலைகீழாப் போட்டால்
மற்றக் கைக்குள்ள அது வந்து படுக்கும்."

பிளைவூட்டின் படைகள்
ஒன்றுக்கொன்று குறுக்காய்த்தான் ஒட்டியிருக்கின்றன.
பலத்துக்கு ரேகை வேண்டாம், கண்ணுக்குத்தான்.
இது எனக்குத் தெரியாததில்லை.

பின்சுவரில் சாய்ந்து நின்றன மிச்சத் துண்டுகள்.
ஆனைக்கோட்டை மருந்துக்கடையின் மூன்றாம் பலகை,
நீர்வேலி ரியூசன் கொட்டிலின் ஏழாம் பலகை,
பெயர் மறந்த ஒருவரின் லாச்சிக்கு வாங்கி
லாச்சிக்குப் போகாத முக்கால்வாசி.
அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று அவவுக்குத் தெரியாது.
கத்தரிக்கோல் கோட்டின்மேல் நடக்கும்,
இரு கரையிலும் ஒரு நூலும் குறையாது.
வாள் அப்படியில்லை. பல்லுக்கு அகலம் இருக்கிறது,
போகும் வழியெல்லாம் தின்றுகொண்டு போகும்.

"ஆறும் இரண்டும் எட்டு, தாளில.
பலகையில எட்டில ஆறு போனால்
இரண்டடி வராது" என்றேன்.
கொஞ்சம் சந்தோசமாய்த்தான் சொன்னேன்.

"எவ்வளவு குறையும்?"
"மூன்று மில்லிமீற்றர்."
பெருவிரல் நகத்தையும் சுட்டுவிரலையும்
கிட்டக் கொண்டுவந்து பார்த்தா.
"அவ்வளவுதானே. றாக்கையில கழியுங்கோ.
மேசையில கை வைக்கக்கூடாது."

மூன்று தட்டுகளையும் குறைத்து எழுதினேன்,
இருபத்துநாலு அங்குலம் குறை மூன்று மில்லி.
ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில்
வாள் எந்தப் பக்கம் போகும் என்று
சின்னப் பெருக்கல் குறி.
இத்தனை வருசத்தில் அப்படிக் குறித்ததில்லை.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது.
மேசை முகம் முதலில் பிரிந்தது.
வெட்டி முடித்துக் கூட்டிக் குவித்தபோது
"அதைக் கொட்டிப்போடாதேங்கோ" என்று
சொப்பின் பையை விரித்துப் பிடித்தா.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
அடுப்புக்கு என்று நினைத்தேன்.

போன கிழமை, தளர்ந்த ஒரு முறையாணியை இறுக்க
அவவின் கடைக்குப் போனேன்.
றாக்கை நூலால் நிறைந்திருந்தது,
ரேகை எந்தப் பக்கமென்று எனக்கே தெரியவில்லை.
மேசையின் மூலையில்
தேசிக்காய் அளவில் ஒரு சிவப்பு மெத்தை,
மேலெல்லாம் குண்டூசி.
அழுத்திப் பார்த்தேன். உள்ளே நறநறத்தது.
ஊசி ஒன்று விரலில் ஏறிற்று.

ஆறும் இரண்டும் எட்டுத்தான்.