மூன்றாவது பொத்தான்

எழுத்தின் அளவு பதினான்கு என்று வைத்துக்கொண்டு போயிருந்தேன்.
ஈரோட்டில், பெருந்துறை ரோட்டு ஓய்வூதியர் சங்க மாடியில்
காலை பத்தரைக்கே அது இருபதாச்சு,
பதினொன்றுக்கு இருபத்திநாலு.
வெள்ளையின் மேல் மெல்லிய சாம்பல் எழுத்து,
எனக்கு அத்தனை பிடித்த சாம்பல்.
"இன்னும் எழுத்தே போடலீங்களே அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

மஞ்சள் மண்டியில் முப்பத்தெட்டு வருசம்.
மூட்டைக்குள் கைவிட்டு
விரலியா கிழங்கா என்று பாராமலே சொன்ன கை.
ரேகை தேய்ந்துபோன அந்த விரலை வைத்தால்
நீ யார் என்கிறது போன்.

பாவாயம்மா பொத்தானைத் தொடுவதில்லை,
மாம்பழம் பார்ப்பதுபோல் அமுக்கிப் பிடிக்கிறார்.
பிடித்தால் கேட்காத ஏதோ ஒன்று திறக்கிறது.
"கெடுத்துப்போட்டனா?"
இல்லீங்க, நான்தான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

ரெஜினா டீச்சர் மட்டும் வரிவரியாகச் சத்தமாய்ப் படித்தார்:
கடவுச்சொல்லை உள்ளிடவும்.
தொடர இங்கே சொடுக்கவும்.
தவறினால் முப்பது நொடியில் வெளியேற்றப்படுவீர்கள்.
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"இது பாதுகாப்புங்களா, போலீஸுங்களா?"

பேச்சு அதிலிருந்து போன் அழைப்புகளுக்குப் போனது.
பேங்கிலிருந்து பேசுவதாய்ச் சொன்னவன்
"சாப்ட்டீங்களாங்க" என்றுதான் ஆரம்பித்தானாம்.
வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'.
ஓடிபியைக்கூட
"சித்த பாத்துச் சொல்லுங்க, மெதுவா" என்றானாம்.
அவசரமெல்லாம் அதற்கப்புறம்:
இன்னும் முப்பது நொடிதானுங்க,
கணக்கு முடங்கிப்போயிருமுங்க.

முப்பது நொடி.

அன்றிரவு லாட்ஜில், மின்விசிறி கடகடக்க,
என் பக்கத்தில் ஓடிய கடிகாரத்தைப் பிடுங்கினேன்.
'உள்ளிடவும்' போனது. 'எழுதுங்க' வந்தது.
"பொறுமையா, எவ்வளவு நேரம் வேணும்னாலும்."
கோயமுத்தூர் ஆபீசிலிருந்து மேலாளர் கேட்டார்,
'ங்க' போடலாமா, இலக்கணம் இடிக்காதா?
திருடன் போடுகிறான் சார் என்றேன்.

இதெல்லாம் எளிது.
கடைசிப் பக்கம்தான் மாட்டிக்கொண்டது.
அதில் இரண்டு பொத்தான்:
தெரிந்துகொள்ள வந்தேன்.
நான் ஏமாந்துவிட்டேன்.
மூன்று நாள், பதினெட்டுப் பேர்.
இரண்டாவதில் ஒரு விரலும் படவில்லை.
விரல் அதன்மேல் வந்து நிற்கும்.
ஒருவர் இருமுவார்,
ஒருவர் முந்தானையால் திரையைத் துடைப்பார்,
பிறகு விரல் மேலே போய்விடும்.

சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:
"எங்க பக்கத்துத் தெரு ஆளு ஒருத்தருக்குங்க.
ரெண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து நானூறு.
அவரு இதுல எதை அமுக்கோணும்?"

கீழே திருப்பூர் பஸ் ஹாரனை விடாமல் அடித்தது.
பக்கத்துத் தெரு ஆளின் பணத்தை
நானூறு வரைக்கும் நினைவில் வைத்திருந்தார்.
யாருங்க அது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மூன்றாவது பொத்தான் வந்தது,
கட்டைவிரலைப்போல் இரண்டு மடங்கு:
தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு நடந்துருச்சுங்க.
அழுத்தினால் பெயர் கேட்காது. நம்பர் கேட்காது.
யாரைக் கூப்பிடுவது என்று பெரிதாகச் சொல்லும்.
நாளாகியிருந்தாலும் கூப்பிடுங்க என்று
அதன் கீழே இன்னொரு தரம் சொல்லும்.

தளம் திறந்து ஐந்து வாரம்.
இரண்டாவது பொத்தானில் நாலு பேர்.
மூன்றாவதில் அறுநூற்றுப் பதினொன்று,
பெரும்பாலும் இரவு ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில்.
மேலாளர் சிரித்தார்:
கணக்கு எங்கேயோ இடிக்குதே,
இத்தனை தெரிஞ்சவங்களா?

ஊர் மட்டும் தெரியும் எனக்கு.
கோபி, அந்தியூர், தாராபுரம், கொடுமுடி.
காங்கேயம் ஏழு.

காங்கேயத்தில்தான் அப்பா இருக்கிறார்.
ஆடி மாசத்திலிருந்து
தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை,
என் புது நம்பரையும் சேர்த்து.
அந்த ஏழைத் திறந்து பார்க்க வழியில்லை.
அப்படித்தான் செய்திருக்கிறேன்.