எடைமேடை, உடையாப்பட்டி

கேட்டது இவ்வளவுதான்:
ஏற்றிய எடை, காலி எடை,
கழித்தால் கிழங்கின் எடை.
வண்டி நம்பர், தேதி. சீட்டு முப்பது ரூபாய்.
மாதையன் முன்பணம் கொடுத்தார்,
பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும்.

ஒரே ராத்திரி வேலை.
பதினொன்று ஆனது.

எனக்குக் கோலம் வராது. பாட்டு வராது.
கட்டுரை நோட்டில் எப்போதும் 'முயற்சி தேவை'.
ஆனால் ஒரு வரி இன்னொரு வரியைக் கூப்பிட்டனுப்பி
அது போன இடத்திலிருந்து
கையில் எதையோ பொத்திக்கொண்டு திரும்புகிறதே,
அங்கே பிடரியில் யாரோ ஊதினார்கள்.

லாரி ஏறியதும் எண் ஆடும்.
கிளீனர் இன்னும் தொங்குகிறான்,
தார்ப்பாயில் மழைத்தண்ணீர் புரள்கிறது.
ஆட்டம் நிற்கும்வரை காத்திரு:
எழுத ஒரு வரி.
எவ்வளவு நேரம் நின்றால் நின்றதாக அர்த்தம்?
அதற்குத்தான் நாலு ராத்திரி.
ஜன்னலில் சேர்வராயன், இருட்டின் மேல் இருட்டு.
ஏற்காட்டுப் பாதையில் ஒற்றை வெளிச்சம்
ஒரு வளைவில் அணைந்து
அடுத்ததில், கொஞ்சம் மேலே, முளைத்தது.
அணைந்திருந்த நேரத்தை எண்ணினேன்.
மூன்று நொடி என்று எழுதினேன்.

யாரும் கேட்காத ஒன்றையும் எழுதினேன்.
கிழங்கின் எடையைத் திருப்பிப் படித்தாலும்
அதே எண் வந்தால்
சீட்டின் அடியில் அச்சாகும்:
இன்று மலை தெரிகிறது.
மேடை ஐந்தைந்து கிலோவாகத்தான் எண்ணும்;
ஐந்து டன் வண்டிகளில்
பத்தே பத்து எண்கள் தேறும்.
சொல்லவில்லை. காத்திருந்தேன்.

ஐப்பசி அடைமழையில் போன் வந்தது.
பேளூர் வெள்ளையன், 5,885 கிலோ.
ஜவ்வரிசி மில்லில் சீட்டை வாங்கவில்லையாம்,
எழுத்து கூடுதலாம்.
மாதையன் திட்டி முடித்ததும்
வெள்ளையனே வாங்கிப் பேசினார்:
"அதெல்லாம் கெடக்கட்டும்மா.
மலை எங்க தெரியுது?
ஒரு மணி நேரமா பாக்கறேன். ஒரே மூட்டம்."

மழையில் நின்று பார்த்திருக்கிறார்.

மில் சீட்டிலிருந்து அந்த வரியை எடுத்தேன்.
டிரைவர் சீட்டில் விட்டேன்,
'இன்று' இல்லாமல்,
'தெரிகிறது' இல்லாமல்:
மலை இருக்கிறது.

இந்தப் புது வரி இன்னும் அச்சாகவில்லை.
நேற்று 5,770 வரை வந்தது.
ஐந்தே கிலோ.
வாழப்பாடிக்கு இப்பால் எந்த மாடு தின்றதோ
உதிர்ந்த அந்த இரண்டு கிழங்கை.