சுற்றுவழி

பத்து மணிக்கு விடுவோம் என்றார்கள்.
ஏதோ ஒரு கையெழுத்து குறைந்ததாம்.
புழலில் பெண்கள் சிறையின் சின்னக் கதவு
திறந்தபோது மணி நாலரை.
அதுவரைக்கும் பெட்டிக்கடையில் மூன்று டீ,
மடியில் நான் வாங்கிவந்த செருப்பு.
ஏழாம் நம்பர். பெரிசாகத்தான் இருக்கும்.
பதினாலு மாசத்தில் காலுமா இளைக்கும் என்பீர்கள்.
எனக்கு இளைத்தது.

துணிப்பையை மாரோடு அணைத்து
டில்லிராணி வந்தாள்.
இரண்டடி வைத்து நின்றாள்.
"பவுலினக்கா, இன்னா இவ்ளோ சத்தம்?"
எப்போதும் போகிற லாரிகள்தான்.
கேட்காத காதுக்கு அது புதுசு.

"மூலக்கடை, எழில் நகர், கொருக்குப்பேட்டை,
முக்கா அவர்ல காசிமேடு" என்றார்
ஆட்டோக்காரர் தசரதன்.
வேணாம்.
மணலி போங்க. திருவொற்றியூர் போங்க.
கடலோரமா இறங்குங்க.
"சுத்துக்கா அது. டபுளாவும்."
ஆவட்டும்.

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் விழுந்தால்
இருபது நிமிஷம்.
அந்த இருபது நிமிஷத்தில்
ஆட்டோவுக்குள் தலை நீட்டுகிறவனை
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
ஜெயிலிலிருந்து வருகிறவளிடம்
அவன் காசு கேட்கமாட்டான்.
முதல் அட்டை ஆரத்தி மாதிரி.

இறால் உரித்த முதுகு அவளுடையது.
ஐஸ் தண்ணீரில் விடிய விடிய விரல் மரத்து,
இடுப்பு விட்டுப்போனபோது
பக்கத்தில் குந்தியிருந்தவள் நீட்டிய வலி மாத்திரை.
ஒன்று. அப்புறம் நாலு. அப்புறம் அட்டையோடு.
அப்புறம், விற்றால்தான் வாங்கலாம் என்றானது.
கேஸில் எழுதியது கடைசி வரியை மட்டும்.

மணலியில் எண்ணெய் நாற்றம் வந்ததும்
அவள் சிரித்தாள். வீடு வந்துட்டாப்ல இருக்குக்கா.
அப்போதுதான் சொன்னேன்:
பழைய கணக்க ஒடம்பு மறந்துடுச்சு டில்லி.
மனசு மறக்கல.
அந்த நாலு இப்ப ஆளத் தூக்கிடும்.
செல்லம்மா வந்து மூணாவது நாள், கொழாயாண்ட,
கொடம் ரொம்பி வழிஞ்சிகினே இருந்துச்சு.
அதுக்கு மேல சொல்லவில்லை.
சொன்னால் எனக்குத்தான் கை நடுங்கும்.

என் கணக்கும் தப்பியது.
எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று பிடித்து நிற்க,
நாங்கள் நின்ற இடத்துக்கு நேரே
பச்சைப் பலகை, கம்பி போட்ட ஜன்னல்,
ஜன்னலுக்குள் நுழைகிற கைகள்.
அவள் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதை நான் பார்த்தேன்.
புதுச் செருப்பைக் கழற்றி, மாட்டி,
கழற்றி, மாட்டி,
"அக்கா, எதுனா பேசு."
எனக்கு ஒன்றும் வரவில்லை.
கன்டெய்னர் மேலிருந்த நம்பரைப் படித்தேன்.
அவளும் சேர்ந்து படித்தாள்.
அடுத்த லாரி. அதற்கடுத்தது.
தசரதன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு
அவரும் படிக்க ஆரம்பித்தார், சத்தமாக.

ஹவுசிங் போர்டு, ரெண்டாவது மாடி.
மகள் நிஷாந்தினி ஒன்பதாவது படிக்கிறாள்.
வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.
வெந்நீர் வைத்திருந்தாள்.
அலமாரியில் உண்டியல் டப்பா இருந்த இடத்தில்
தூசு படியாத ஒரு வட்டம்.
டில்லிராணி அதைப் பார்த்தாள்.
மகள், அம்மா அதைப் பார்ப்பதைப் பார்த்தாள்.
"நல்லா ஒளிச்சிகிறியா?"
"உம்."
"எனக்குச் சொல்லாத."

கிளம்பும்போது பேசிக்கொண்டோம்:
ஒரு மிஸ்டு கால் என்றால் முழிச்சிருக்கேன்.
ரெண்டு என்றால் வா.

ராத்திரி ரெண்டேகாலுக்கு ஒன்று வந்தது.
காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை.
நானே கூப்பிட்டேன்.
அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.
அவள் வீட்டு ஃபேன் கடகடத்தது,
யாரோ தூக்கத்தில் புரண்டார்கள்.
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
போனில் ஒருமுறை,
என் ஜன்னலில் ஒருமுறை.