காண்டா வாளி

பெரட்டுக் களத்துக்குப் பக்கத்து ஆபீசுக்குப்
புதுக் கணினி வந்தது.
கூடவே தலைமையகத்தின் கடிதம்:
"இனி மொழிச் சிக்கல் இல்லை.
எல்லாமே படம். பார்த்தாலே புரியும்."

பார்த்தோம்.

மேல் மூலையில் படுக்கைவசமாக மூன்று கோடு.
லோரி ஓட்டும் திருமேனி தொப்பியைக் கழற்றினார்.
"பட்டை போட்டு அனுப்பியிருக்கான், நல்ல கம்பெனி."
அதைத் தொட்டால் பட்டியல் விழும் என்பதே
ஒரு மாதம் எங்களுக்குத் தெரியாது.
யாருடைய நெற்றியிலும் சும்மா கைவைக்க முடியுமா?

பல்சக்கரத்தை நான் அச்சுமுறுக்கு என்றேன்,
காக் ரொஹானி குவே லோயாங் என்றார்.
இரண்டும் ஒரே பலகாரம், சண்டையில்லை.
பூதக்கண்ணாடி ரஃபிக்குலுக்கு முட்டை பொரிக்கும் சட்டி.
மணல் கடிகாரம் வந்து நின்றால் உடுக்கை.
"சாமி இன்னும் இறங்கல, இரு" என்பார் திருமேனி.
இறங்குவதற்குள்
எதிர்க்கடையில் ஒரு தெ ஓ குடித்துவிட்டு வரலாம்.

மேகத்தால் வந்ததுதான் வம்பு.
வெள்ளை மேகம், நடுவில் மேல்நோக்கி ஓர் அம்பு.
அது தெரிந்த நாளையெல்லாம்
மழைநாள் என்று பதிந்தது நான்தான்.
புல் கருகிக் கிடந்த பெப்ரவரியில்
எங்கள் தோட்டத்தில் பத்தொன்பது நாள் மழை.
அம்புக்கும் திருமேனியிடம் விளக்கம் இருந்தது:
"பேஞ்சது திரும்பிப் போயிருச்சு. அதான் இந்த வெயில்."

அதே மாதம், அதே கணினியில், செங்கமலம்.
பதினெட்டு வயதில் பால்மரம் வெட்டப் போனவள்,
ரப்பர் அழிந்து செம்பனை வந்தபின்
குலை எண்ணும் மண்டோர்.
எந்த நிரையில் எத்தனை குலை,
உதிரிப் பழம் எத்தனை மூட்டை,
மாலை நாலுக்கு ஒற்றை விரலால் தட்டி முடித்துத்
திரையைப் பார்ப்பாள்.

ஒரு பக்கம் நீலச் சதுரம். மேலே சின்னத் தகரக் கதவு.
"இதென்ன, சாத்தின கடையா?"
இன்னொரு பக்கம் வாளி.
மூடியோடு, கைப்பிடியோடு,
கழுவிக் கவிழ்த்து எடுத்த மாதிரி வாளி.

மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றணும்,
வாளி நிறுவைக்குப் போகணும்.
வேறென்ன இருக்கிறது யோசிக்க?
இருபத்திரண்டு நாள் கணக்கையும்
வாளியில் போட்டாள்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.

தலைமையகத்தில் பார்த்தார்கள்:
மழை பத்தொன்பது நாள். குலை, பூஜ்யம்.
இரண்டும் அத்தனை அழகாகப் பொருந்தியதில்
ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.
படகு எத்தனை வேண்டும் என்று கேட்டு
மின்னஞ்சல் வந்தது.

பின்னாலேயே வந்தான் ஹஸ்ருல், கணினிப் பையன்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு.
காரைவிட்டு இறங்கியதும்
செம்மண் புழுதி அவனை ஒருதரம் சுற்றி வந்தது.

தட்டினான், தேடினான்,
உடுக்கை ஆடி ஓயும்வரை காத்திருந்தான்.
"எல்லாத்தையும் ஏன் குப்பையில எறிஞ்சீங்க?"
மலாயில்தான் கேட்டான், மரியாதையாகத்தான்.
செங்கமலம் எழுந்து நின்றுவிட்டாள்.
"யாரு எறிஞ்சா? சேத்து வச்சிருக்கேன்."

திறந்தான். இருந்தது.
நிரை நிரையாக, நாள் நாளாக,
பதினேழாம் நாள் விட்டுப்போன மூன்று குலைகூட
தனி வரியில்.
"இனிமே இதை அமுக்குங்க" என்று
சாத்தின கடையைக் காட்டினான்.
"அது என்ன கடை, தம்பி?"
குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான்.
"தெரியாது காக். நான் பொறந்ததுல இருந்தே
இப்படித்தான் இருக்கு."

பூட்சை விட்டுவிட்டுப் போனான்.
ரஃபிக்குலுக்கு ஓர் அளவு பெரிது, பரவாயில்லை.

மார்ச் நாலாம் தேதி நிஜமாகவே கொட்டியது.
லைன் அறுந்து, திரையில்
மேகத்தின்மேல் ஒரு குறுக்குக் கோடு.
சட்டையைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்த திருமேனி
வாசலில் ஒதுங்கி நின்றவர்களுக்கு அறிவித்தார்:
"மழை இல்லையாம்."