பொருள் எண் நான்கு

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் எவ்வளவு பேசினாலும்
"விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று
ஒரு வரியில் முடிப்பேன்.
பதினான்கு வருடப் பழக்கம்.

தர்மபுரி. பல்கலைக்கழகச் சுகாதாரத் துறை, இரண்டாம் மாடி.
பத்தரை மணிக் கூட்டத்துக்கு
சித்தேரியில் ஏறி, அரூரில் பஸ் மாறி
தீர்த்தம்மா வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து.
பிஸ்கட் தட்டில் தூள் மட்டும் மிச்சம்.

ஆய்வு நெறிக் குழுவின் புது உறுப்பினர்.
மேஜைப் பலகையில்
"பழங்குடிப் பிரதிநிதி" என்று அச்சடித்திருந்தோம்.
திருப்பினார். பின்பக்கம் வெள்ளை.
என் பேனாவை வாங்கித்
தன் பெயரை எழுதி எங்கள் பக்கம் வைத்தார்.

திரையில் பேராசிரியர் எழிலரசுவின் ரத்தசோகை ஆய்வு,
கேள்வி பதினேழு:
சிகிச்சைக்கு வராத காரணம்?
அச்சம். அறியாமை. மூடநம்பிக்கை. மற்றவை.
மற்றவைக்கு எதிரே அரை அங்குலம்.

"போன தடவை முந்நூறு பேர்கிட்ட ரத்தம் எடுத்தீங்க.
என்கிட்டயும்தான்.
அது எங்க இருக்கு?"

மாதிரிகள் சென்னைக்குப் போயின என்றார் பேராசிரியர்.

"திரும்பி வர பஸ் இல்லீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
பிறகு அந்த அரை அங்குலத்துக்குள்
ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்:
ஓடையில் தண்ணீர் வந்தால் நிற்கிற ஜீப்,
நிற்காதபோது அது கேட்கிற ஆயிரத்து எண்ணூறு,
பிள்ளை வலியில் கத்தியவளை
"மலைக்காரி" என்று அதட்டிய வார்டு,
வீட்டில் என்ன மருந்து கொடுத்தாய் என்று
ஒரு தடவையும் கேட்காத
பயிற்சி டாக்டர்கள்.
"இதுல அறியாமை யாரோடதுன்னு
நீங்களே டிக் போடுங்க."

ஒருவர் கடிகாரம் பார்த்தார்.

முடிவு: கேள்விகளை மலையில் உட்கார்ந்து திருத்துவது.
முடிவுகளை அச்சுக்கு முன்
அங்கே வாசிப்பது.
எப்போது என்றதற்கு
"சாமை அறுப்பு முடியட்டும்" என்றார்.
அதையும் எழுதச் சொன்னார்.

சாயங்காலம் தட்டச்சு செய்தேன்.
விரிவாக விவாதி
அழித்தேன்.
கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
படிவத்துக்கு ஒரு பக்கம்தான் அனுமதி;
நாலு பக்கம் ஆனது. ஆகட்டும்.

அடுத்த கூட்டம் பஸ்ஸுக்கு ஏற்ற நேரத்தில்
என்று போடலாம் என்றால்
பஸ் எத்தனை மணிக்கு?
கேட்க எண்ணைத் தேடினேன்.
உறுப்பினர் பட்டியலில் எல்லாருக்கும் இருந்தது.
அவருக்கு நேரே
"தலையாரி வழியாக" என்று
என் கையெழுத்து.