பதினொரு பேர்

எட்டு மணிக்கு மின்வெட்டு என்று
அட்டவணையில் போட்டிருந்தது.
ஏழு ஐம்பத்திரண்டுக்குப் படத்தை ஏற்றினாள் கெர்ஷ்னி.
நாற்பது எடுத்து
முப்பத்தொன்பதை அழித்து
மிஞ்சிய ஒன்று.
அதிலும் மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கியிருந்தாள்.
அக்காவின் மூக்கு அப்பாவின் மூக்கு.
அப்பாவை இதுவரை யாரும் ஒடுக்கியதில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் நூறு லைக் வரவேண்டும்.
வராவிட்டால் படம் போய்விடும்,
இரவுச் சாப்பாடும் போய்விடும்.
குளியலறையில் குழாய் மட்டும்
நெடுநேரம் ஓடும்.
எதை மறைக்க ஓடுகிறது என்று
எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயசு எனக்கு.

அதனால்தான் முதலில் ஒருத்தரை உண்டாக்கினேன்.
முகம் இல்லை, ஒரு சூரியகாந்திப் படம்.
பிறகு பீனிக்ஸிலிருந்து இரண்டு பெண்கள்,
அலைச்சறுக்குகிற ஒரு பையன்,
கேப் டவுனில் நாய் வளர்க்கும் ஒருவர்,
இப்படியே பதினொரு பேர்.
அக்கா படம் போட்டதும்
போர்வைக்குள் உட்கார்ந்து
ஒவ்வொருவராகக் களம் இறக்குவேன்.

அன்று நான்காவது ஆள் இறங்கும்போது
சாட்ஸ்வொர்த் முழுக்க அணைந்தது.
கோபுரத்து பேட்டரியைப் போன மாதமே
யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
சிக்னலும் செத்தது.

அக்கா வெளிப்படிக்கட்டுக்கு வந்தாள்.
போனை வானத்துக்குத் தூக்கினாள்,
மதிலுக்குக் காட்டினாள்,
மூட்லி அங்கிளின் நாய் குரைத்ததும் உட்கார்ந்துவிட்டாள்.
அம்மாவுக்கு இரவு ஷிப்ட்.
கேஸ் அடுப்பில் பீன்ஸ் கறியைச் சுடவைத்து
பாதி ரொட்டியைக் குடைந்து ஊற்றி
எடுத்துவந்தேன்.
"பசிக்கல."
சரி என்று நடுவில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
யாரும் யாரையும் பார்க்க முடியாத அந்த இருட்டில்,
ரொட்டியின் சுவர் பிய்கிற சத்தம் கேட்டது.
பிறகு விரல் சூப்புகிற சத்தம்.

"டேய் யுவேஷ்,
அந்தச் சூரியகாந்தி யாருடா?
எப்பவும் முதல்ல வர்றது அதுதான்.
என்னை நிஜமாப் பாக்கிற ஒரே ஆள்."

என் முழங்கை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது.
வாய் நிறைய ரொட்டி.
நல்லவேளை.

பத்தரைக்கு வெளிச்சம் வந்தது.
எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் டிவி பேசியது.
அவள் உள்ளே ஓடினாள்.
மீதி ஏழு பேரும் என் கையில் தயாராக இருந்தார்கள்.
அனுப்பவில்லை.
முதல் முறையாக என் சொந்தப் பெயரில் போய்
படத்துக்குக் கீழே எழுதினேன்:
மூக்கு எங்கே?

குழாய்ச் சத்தம் வருகிறதா என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

செருப்பு ஒன்று பறந்து வந்தது.