வாகனத்தின் எண்

காகிதத்தில் ஒரு கட்டம்: வாகனத்தின் எண்.
ஏட்டையா பேனாவை அதன்மேல் நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தார்.
எண் இல்லை, என்றேன்.
எஞ்சின்?
இல்லை.
பிரேக்?
நாலு மரம், ஐயா. கயிறு போட்டுக் கட்டியிருக்கு.
அவ்வளவுதான்.
அப்புறம் எப்படிவே அவ்வளவு வேகம்?

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில்
என் கால்சட்டையிலிருந்து உப்பு
வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்துகொண்டிருந்தது.
வேகம் என்னுடையதில்லை என்று
எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்வது.

செவ்வாய்க்கிழமை. உவரியில் கோவில் கூட்டம்.
பத்து நாள் அடித்த கச்சான் ஓய்ந்த மறுநாள்.
பார்வைக்குக் கடல் படிந்துதான் கிடந்தது,
அடியில் நீவாடு மட்டும் ஓயவில்லை.
அமரத்தில் மச்சான் கித்தேரியான், அணியத்தில் நான்,
நடுவில் வலையும் அரைக்கூடைச் சாளையும்.
கரை ஏற மூன்று அலையை விட்டு
நாலாவதைப் பிடிக்க வேண்டும்.
பிடித்தோம் என்று சொல்வது எங்கள் வாய்.
பிடிப்பது அது.
அதன்பிறகு துடுப்பு வெறும் பலகை.

அந்த அலைக்கு முன்னால் அவர் நீந்திக்கொண்டிருந்தார்.
நீச்சலில் குறை சொல்ல முடியாது.
பேர் ஆறுமுகநயினார், ஊர் களக்காடு என்று பிறகு தெரிந்தது.
தோட்டத்துக் கிணற்றில் படித்த நீச்சல்,
முகத்தைத் தண்ணீருக்குள் கொடுத்து
மூன்று கைக்கு ஒரு மூச்சு.
கிணற்றில் யாருக்கும்
முதுகுக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை.
மேலேயிருந்து எவனாவது குதித்தால்தான் உண்டு,
அவனும் கத்திக்கொண்டுதான் குதிப்பான்.

நாங்களும் கத்தினோம்.
வெலகு, வெலகு, ஏ வெலகு.
அலைக்கு எங்களைவிடத் தொண்டை பெரிசு.
ஃபைபர் போட் என்றால்
அரை மைலுக்கு முன்பே தடதடவென்று சொல்லியிருக்கும்.
மரம் எதையும் சொல்லாது.
நெற்றுத் தேங்காய் மிதந்து வருவதுபோல வரும்.

சத்தம் அப்புறம்தான்.
காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம், ஒன்றே ஒன்று.
அது காறை எலும்பு என்றாள் டாக்டரம்மா.
காதுக்குப் பின்னால் பதினொரு தையல்.
ரத்தத்தை அலை கழுவிக்கொண்டு போனது,
திரும்பி வந்தது, திரும்பவும் கழுவியது.
முட்டளவு தண்ணீரில் ஒரு பெண் நின்று
அவருடைய வேட்டியையும் மூக்குக்கண்ணாடியையும்
நனையாமல் உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.
ஆளை இழுத்து மணலில் கிடத்திய பின்னும்
கையை இறக்கவில்லை.

கடைசியில் ஏட்டையா
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

ஐப்பசியில் அவரே வந்தார், அந்த அம்மாவோடு.
வலது கை தோளுக்கு மேல் போகவில்லை.
எந்த மரம் என்று கேட்டார். காட்டினேன்.
அணியத்தின் மூக்கைத் தடவினார்,
கயிற்று முடிச்சுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.
"இவ்வளவு மழுங்கலாவா இருக்கு" என்றார்,
ஏதோ கூர்மையானதைப் பார்க்க வந்தவர்போல.
அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை,
கடலையும்.
சாளை கொடுத்தேன். வேண்டாம் என்றார்கள்,
பஸ் ஏறுமுன் வாங்கிக்கொண்டார்கள்.

அதிலிருந்து, கரைக்கு வரும்போதெல்லாம்
மச்சான் ஒரு பழைய டால்டா டின்னைத் தட்டுகிறான்.
ஏலத்துக்கு நிற்பவர்கள்
இன்றைக்குப் பாடு அதிகம்போல என்று
கூடையோடு ஓடி வருகிறார்கள்,
தண்ணீருக்குள்ளேயே இறங்கி,
சரியாக
மரம் வந்து ஏறும் இடத்தில்
நிற்கிறார்கள்.